சுற்றிப் பார்க்கத்தான் கேட்டார்

நேற்று நான் போட்ட பதிவைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஆமாஜுவுக்கு ஐரோப்பா விசா கிடைக்கவில்லை (கணவரின் அக்காவை இங்கே நேபாளத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்). அதன் கீழே ஒருவர், "காரணமில்லாமல் நிராகரிக்க மாட்டார்கள், பேப்பர் ஏதாவது சரியில்லாமல் இருந்திருக்கும்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு 41 லைக். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

சரி, பேப்பரைப் பற்றியே பேசுவோம். மூன்று மாதமாக அந்த ஃபைலைச் சேர்த்தது நானும் ஆமாஜுவும்தான். வார்டு அலுவலகத்தில் உறவுமுறைச் சான்றிதழ். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி முத்திரை. காத்மாண்டுக்குப் பக்கத்தில் லலித்பூரில் இருக்கும் பழைய செங்கல் வீட்டுக்கு ஆடிட்டர் போட்டுக் கொடுத்த சொத்து மதிப்பீடு. அவர் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தின் விடுப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வரி கட்டிய சான்று, போக வர டிக்கெட் புக்கிங், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு.

இதில் தேதிச் சிக்கல் வேறு. இங்கே எல்லா ஆவணத்திலும் நேபாள நாட்காட்டியின் விக்ரம் வருஷம்தான், ஆங்கில வருஷத்தைவிட 56, 57 கூடுதலாக வரும். ஆமாஜுவின் குடியுரிமைச் சான்றில் பிறந்த வருஷம் 2036 பாத்ர மாதம் என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 1979. நம் சித்திரை மாதிரியே ஏப்ரல் நடுவில்தான் இவர்களுக்கும் வருஷம் பிறக்கிறது. மாதத்துக்கு 29 நாளிலிருந்து 32 நாள் வரை மாறும். மொழிபெயர்த்தவர் ஒரு நாள் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டார். அதைத் திருத்துவதற்கு மட்டும் நான்கு நாள் அலைந்தோம். பேப்பர் சரியில்லை என்று ஒரு வரியில் எழுதுகிறவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

விசா கட்டணத்தை 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆக்கினார்கள். நேபாள ரூபாயில் 14,000-க்கு மேல் வரும். விசா கொடுக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. பணம் போனதைக்கூட விட்டுவிடுகிறேன். வந்த பதில் ஒரே ஒரு தாள். வரிசையாகக் கட்டங்கள், அதில் ஒன்றில் மட்டும் டிக். விசா முடிவதற்குள் இவர் திரும்பிப் போவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறதாம். நன்றாகப் படியுங்கள். எந்தப் பேப்பரிலும் குறை என்று அதில் இல்லை. திரும்பிப் போக மாட்டார் என்ற சந்தேகம், அவ்வளவுதான்.

அவர் கேட்டது 12 நாள். ஊர் சுற்றிப் பார்க்க. எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விடுகிறோம். அங்கே மூன்று வருஷமாக வந்து தங்கும் வயதான ஐரோப்பியத் தம்பதி, "ஒருமுறை எங்கள் ஊருக்கு வா" என்று அழைப்புக் கடிதம் அனுப்பினார்கள். அவர்கள் இங்கே வருவது எப்படித் தெரியுமா? காத்மாண்டு திரிபுவன் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு படிவத்தை நிரப்பி, 30 டாலர் கட்டினால் 15 நாளுக்கு விசா. 50 டாலர் கட்டினால் ஒரு மாதம். திரும்பிப் போவீர்களா என்று யாரும் கேட்பதில்லை. உன் தம்பிக்கு என்ன சம்பளம், நீ ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்றெல்லாம் கேட்பதில்லை. ஆமாஜுவிடம் இரண்டையும் கேட்டார்கள். 46 வயதில், 21 வருஷமாகப் பாடம் நடத்துகிற ஒரு பெண்ணிடம். அவர் சுற்றிப் பார்க்கத்தான் கேட்டார்.

"போய்விட்டுத் திரும்பாதவர்கள் இருக்கிறார்களே" என்பீர்கள். இருக்கிறார்கள். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு விசிட் விசாவில் ஆள் அனுப்பும் ஏஜென்ட்டுகளும் இங்கே இருக்கிறார்கள். எந்த நாட்டுக்கும் தன் வாசலில் நின்று கேள்வி கேட்க உரிமை உண்டு, அதையும் மறுக்கவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆதாரத்தோடு பதில் சொன்ன பிறகும் சந்தேகம் என்றால், அது அவர் மேல் வந்த சந்தேகம் இல்லை. அவர் கையிலிருந்த பாஸ்போர்ட் மேல் வந்தது.

"இந்தியர்களுக்கும்தான் கொடுப்பதில்லை" என்கிறார்கள் சிலர். உண்மைதான், எனக்கும் இந்திய பாஸ்போர்ட்தான். ஆனால் சில வருஷம் முன்பு நானும் கணவரும் ஒன்றாக விண்ணப்பித்தோம். ஒரே வீட்டு முகவரி, ஒரே பேங்க் கணக்கு. என்னிடம் இரண்டு கேள்வி. அவரை உள்ளே உட்காரவைத்து அரை மணி நேரம். வெளியே வந்தவர் தண்ணீர் கேட்டார், வேறு எதுவும் பேசவில்லை. அந்த அரை மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

"மேல்முறையீடு செய்யலாமே?" செய்யலாம், அந்த நாட்டுச் சட்டப்படி. அதற்கு ஆகும் செலவில் 12 நாள் அங்கே இருந்துவிட்டே வந்துவிடலாம்.

அப்புறம் இன்னொரு கேள்வி. "நேபாளமே அவ்வளவு அழகு, அங்கே எதற்குப் போகணும்?" இதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. ஏனென்றால் இதைக் கேட்டது வெளிநாட்டுக்காரர் இல்லை, என் சொந்தக்காரர்.

மதுரையில் எங்கள் தெருவில் ராத்திரிக் காவலுக்கு ஒரு நேபாளி வருவார். விசில் சத்தம், தடியைத் தார் ரோட்டில் தட்டும் சத்தம். மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார். "கூர்க்கா வந்திருக்கார்" என்று நான் உள்ளே குரல் கொடுப்பேன், அம்மா இருபது ரூபாய் கொடுத்தனுப்புவார். எத்தனையோ வருஷம் எங்கள் தெருவைக் காத்தவர். அவர் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊர் எது என்று நானும் கேட்டதில்லை. பிறகு நான் கல்யாணப் பேச்சை எடுத்தபோது பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "கூர்க்காவையா கட்டிக்கப் போறே?" மாப்பிள்ளை என்ஜினீயர் என்று சொல்லியும் அதே கேள்வி.

அந்தத் தாளில் விழுந்த டிக்கும் பெரியப்பாவின் கேள்வியும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. நேபாளி தன் ஊரை விட்டு வந்தால் பிழைக்கத்தான் வருவான், வேறு எதற்கும் வரமாட்டான் என்ற நினைப்பு. வேடிக்கை பார்க்கிற ஆசை, ஒரு ஆற்றங்கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிற ஆசை இவர்களுக்கு இருக்கக்கூடாதா? உலகமே வந்து மலை பார்த்துவிட்டுப் போகிற ஊரில் பிறந்தவர்களுக்கு, போய்ப் பார்க்கிற ஆசை மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று நேற்று ராத்திரி ஆமாஜுவிடம் சொன்னேன். "இன்னும் எதைக் காட்டணும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று காலை அந்த ஃபைலிலிருந்து விடுப்புக் கடிதத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். அதை ஆபீசில் திருப்பிக் கொடுத்து லீவை ரத்து செய்யணுமாம். பத்து மணிக்கு அவருக்கு முதல் வகுப்பு, ஒன்பதரைக்கே கிளம்பிவிட்டார்.