நானூறு தாண்டியும் சீட் இல்லை

இஸ்திரிக்காரர்: நானூறு தாண்டிவிட்டது சார்!

சார்: என்னது? எங்கே? மறுபடியும் எண்ணினார்களா?

இஸ்திரிக்காரர்: மறுபடியெல்லாம் எண்ணமாட்டார்கள் சார். இதுதான் முடிவு. 431.

சார்: 431-ஆ! அப்போதே சொன்னேன், எவன் கேட்டான்? ஒன்றாம் தேதி சாயங்காலமே எல்லா டிவியிலும் 350-க்குக் குறையாது, 400 வந்தாலும் வரும் என்றார்கள். நடுவில் எவனோ அமுக்கிவிட்டான் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. எந்த சேனலில் போட்டான்?

இஸ்திரிக்காரர்: சேனலில் வராது சார். செல்போனில்தான். நம்பரும் பிறந்த தேதியும் அடித்தால் வந்துவிடும்.

சார்: பிறந்த தேதியா? தேர்தல் கமிஷன் இப்படியெல்லாம் வசதி செய்திருக்கிறதா? எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே!

(சார் காதில் எண்கள் மட்டும்தான் விழும். 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாளிலிருந்து இந்த நோய் வில்லிவாக்கத்தில் பலருக்கு இருக்கிறது. அன்று ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை. என் இரண்டு சட்டைகளுக்காக வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன்.)

இஸ்திரிக்காரர்: வந்து என்ன சார் பிரயோஜனம்? 431 வந்தும் சீட் இல்லை.

சார்: ஏன் இல்லை? 272 இருந்தாலே போதுமே!

இஸ்திரிக்காரர்: 272-ஆ? அதை வைத்துக்கொண்டு காலேஜ் வாசலில் இளநீர்தான் விற்கலாம்.

சார்: காலேஜா? ஏம்ப்பா, நீ எதைப் பற்றிப் பேசுகிறாய்?

இஸ்திரிக்காரர்: நீட் சார். என் பொண்ணு. அதுவும் நாலாம் தேதிதானே வந்தது?

சார்: அட ச்சே. நான் நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இஸ்திரிக்காரர்: இதுவும் இந்த நாடுதான் சார். 23 லட்சம் பிள்ளைகள் எழுதினார்கள். 14-ஆம் தேதி விடுகிறோம் என்று சொன்ன ரிசல்ட்டை, பத்து நாள் முந்தி, நாலாம் தேதி சாயங்காலமே விட்டுவிட்டார்கள். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்து வயநாடு, வாரணாசி என்று பார்த்துக்கொண்டிருந்தது. என் பொண்ணு தனியாக மொட்டை மாடியில் செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கே ராத்திரிதான் தெரியும். அதுவரைக்கும் தெருவில் வெடிச் சத்தம்.

சார்: சரி, சரி. நல்ல மார்க்தான். ஆனால் விஷயத்துக்கு வா. நாம் 240.

இஸ்திரிக்காரர்: நாம் என்றால் யார் சார்?

சார்: நாம்தானப்பா. நம் கட்சி, பா.ஜ.க.

இஸ்திரிக்காரர்: நீங்கள் நின்றீர்களா?

சார்: நின்றால்தானா? 2019-இல் 303 வாங்கினோம். இப்போது 240. இருந்தாலும் மூன்றாவது தடவை நம் ஆட்சிதான். ஞாயிற்றுக்கிழமை பதவியேற்பு.

இஸ்திரிக்காரர்: அப்படியென்றால் ஜெயித்துவிட்டீர்கள்.

சார்: ஜெயித்துவிட்டோம்.

இஸ்திரிக்காரர்: பிறகு ஏன் சார் மூன்று நாளாகச் சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி முகம்? எதிர்வீட்டில் இருக்கும் உங்கள் மச்சான் செவ்வாய்க்கிழமை வண்டிக்கே வந்து எனக்கு ஜிலேபி கொடுத்தார். என்ன விசேஷம் சார் என்று கேட்டேன். எங்கள் காங்கிரஸ் 99 என்றார். பாஸ் மார்க் எவ்வளவு என்று கேட்டேன். 272 என்றார். பெயில்தானே சார் என்றேன். கையில் வைத்திருந்த இன்னொரு ஜிலேபியை டப்பாவிலேயே போட்டுக்கொண்டார்.

சார்: அவன் கிடக்கிறான் கூறுகெட்டவன். 52 வாங்கினவன் 99 வாங்கினால் ஏதோ செங்கோட்டையைப் பிடித்த மாதிரி ஆடுகிறான். குடும்ப வாட்ஸ்அப்பில் என்ன எழுதினான் தெரியுமா? "அத்திம்பேருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்." உடனே குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரி சாயங்காலம் என்னை மறுபடி சேர்த்தாள். மறுபடி வந்துவிட்டேன்.

இஸ்திரிக்காரர்: என் பொண்ணும் போன தடவை 214 சார், இப்போது 431. இருமடங்கு. அவள் ஜிலேபி கேட்கவில்லை. அடுத்த வருடமும் எழுதட்டுமா என்றுதான் கேட்டாள். ஜெயித்த நீங்கள் அழுகிறீர்கள், தோற்ற அவர் ஜிலேபி கொடுக்கிறார். எந்தப் பள்ளிக்கூடத்தில் சார் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

சார்: அது அரசியல் கணக்கு. உனக்குப் புரியாது. 240-ஓடு தெலுங்கு தேசம் 16, நிதிஷ் 12, அப்புறம் சில்லறைக் கட்சிகள். மொத்தம் 293. தாராளமாகப் போதும்.

இஸ்திரிக்காரர்: அங்கே 543-க்கு 240 வாங்கினால் நாற்காலி உண்டு. இங்கே 720-க்கு 431 வாங்கினால் பெஞ்சுகூட இல்லை.

சார்: கூட்டணி வேண்டுமப்பா, கூட்டணி!

இஸ்திரிக்காரர்: அதைத்தான் சார் கேட்கிறேன். என் பொண்ணு யாரோடு கூட்டணி வைப்பாள்? முன்னால் உட்கார்ந்து எழுதிய பிள்ளையிடம் ஒரு 16, பின்னால் இருந்தவளிடம் ஒரு 12, கடனாக வாங்கிக்கொள்ளலாமா?

சார்: விளையாடாதே. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனியாக இருக்கிறதே, அதில் போடு.

இஸ்திரிக்காரர்: அது அரசுப் பள்ளிக்கு மட்டும் சார். இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் அரசு இருக்கிறது, உதவி இருக்கிறது. இரண்டும் வாசலோடு நின்றுவிட்டது. ராமநாதபுரத்தில் ஆறு பன்னீர்செல்வம் நின்றார்களே, அந்த மாதிரி. பெயர் ஒன்றுதான், ஆள் வேறு.

சார்: பார்த்தாயா, நீயே தேர்தலுக்கு வந்துவிட்டாய்!

(இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கரியை ஊதினார். சாம்பல் பறந்து சாரின் வேட்டியில் விழுந்தது. வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை. அப்படித்தான் நான் போலீசில்கூடச் சொல்வேன்.)

சார்: நான் கேட்கிறேன், கோயில் கட்டிக் கொடுத்த ஊரிலேயே தோற்கடிப்பார்களா? ஃபைசாபாத்! அயோத்தி இருக்கிற தொகுதி! 54 ஆயிரம் ஓட்டில்! இனி அந்த ஊருக்குப் போனால் ஒரு டீகூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்று எழுதுகிறார்கள். நானும் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டேன்.

இஸ்திரிக்காரர்: நீங்கள் அயோத்திக்குப் போகிறீர்களா?

சார்: இப்போதைக்கு இல்லை.

இஸ்திரிக்காரர்: அப்புறம் எந்த டீயை சார் நிறுத்துகிறீர்கள்? அந்த ஊர்க்காரன் வெயிலில் வரிசையில் நின்று அவன் ஓட்டை அவன் போட்டான். உங்களுக்கு என்ன கோபம்?

சார்: நன்றி வேண்டாமா?

இஸ்திரிக்காரர்: ஓட்டுப் போட்டவனை ஓட்டுப் போடாதவர் திட்டலாமா சார்?

சார்: யார் போடாதவர்?

இஸ்திரிக்காரர்: ஏப்ரல் 18, வியாழக்கிழமை, ராத்திரி எட்டு மணி. "ஆறு சட்டை, நாலு பேன்ட், அவசரம்பா, காலையில் ஊட்டி கிளம்புகிறோம், மூன்று நாள் லீவு" என்று நீங்கள்தான் வந்தீர்கள். 19-ஆம் தேதி ஓட்டு. நான் போட்டுவிட்டு வந்து உங்கள் வீட்டைப் பார்த்தேன், பூட்டு தொங்கியது.

சார்: அது... டிக்கெட் முன்னாலேயே எடுத்தாகிவிட்டது.

இஸ்திரிக்காரர்: மத்திய சென்னையில் நூற்றுக்கு 54 பேர்தான் போட்டார்கள் சார். மிச்சம் 46 பேர் எங்கே என்று பேப்பரில் கேட்டார்கள். பாதிப் பேருடைய சட்டையை நான்தான் தேய்த்தேன்.

சார்: என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்?

இஸ்திரிக்காரர்: மும்பையில் ஒருத்தர் 48 ஓட்டில் ஜெயித்தார் சார். ஒரு மார்க்கில் சீட் போன வீட்டில் போய் இதைக் கேளுங்கள். நாம், நாம் என்கிறீர்களே, அந்த நாமில் நீங்களே இல்லையே!

சார்: ஓட்டுப் போடாவிட்டால் என்ன? நான் பணத்தையே போட்டிருக்கிறேன்! எவன் போட்டான்?

இஸ்திரிக்காரர்: கட்சிக்கா?

சார்: ஷேருக்கு. சனிக்கிழமை கருத்துக்கணிப்பு வந்தது. திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து வாங்கினேன். செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் 4,389 புள்ளி விழுந்தது. மத்தியானம் சாம்பார் சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டே விற்றேன்.

இஸ்திரிக்காரர்: இப்போது எப்படி இருக்கிறது சார்?

சார்: (மெதுவாக) இன்றைக்கு ஏறிவிட்டது.

இஸ்திரிக்காரர்: எவ்வளவு?

சார்: இதுவரைக்கும் இல்லாத உயரத்துக்கு.

(கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இஸ்திரிக்காரர் காலரை இரண்டு தடவை தேய்த்தார். ஒரு தடவையே போதும்.)

இஸ்திரிக்காரர்: கருத்துக்கணிப்புக்காரர் ஒருத்தர் டிவியிலேயே அழுதாராமே சார்?

சார்: அழுதார். நானும் பார்த்தேன்.

இஸ்திரிக்காரர்: விடைத்தாளைத் தப்பாகத் திருத்தினவர் அழுகிறார். என் பொண்ணு விஷயத்தில் அதுகூட இல்லை.

சார்: அதில் என்ன தப்பு? எல்லாம் மெஷின் திருத்துவதுதானே? இந்தத் தடவை இங்கேயும் பார், மெஷினை ஒருத்தரும் வாய் திறந்து திட்டவில்லை.

இஸ்திரிக்காரர்: இரண்டு பேரும் ஜெயித்துவிட்டால் யார் சார் திட்டுவார்கள்? இதைக் கேளுங்கள். நீட்டில் 180 கேள்விக்குப் பதில் எழுதவேண்டும். ஒன்றுக்கு நாலு மார்க். தப்பானால் ஒன்று குறையும். எல்லாம் சரி என்றால் 720. ஒரு கேள்வியை விட்டுவிட்டால்?

சார்: 716.

இஸ்திரிக்காரர்: ஒன்றைத் தப்பாகப் போட்டால்?

சார்: 715.

இஸ்திரிக்காரர்: 719 எப்படி சார் வரும்?

சார்: வராது.

இஸ்திரிக்காரர்: வந்திருக்கிறது. 718-ம் வந்திருக்கிறது. கேட்டால், சில இடங்களில் நேரம் வீணாகிவிட்டது, அதற்குக் கருணை மதிப்பெண் என்கிறார்கள். போன வருடம் 720 வாங்கினவர்கள் இரண்டு பேர். இந்த வருடம் 67 பேர். 67 பேர் சார்! என் பொண்ணு 431 என்று சொன்னதும் நான் ஓடிப்போய்ப் பால்கோவா வாங்கிவந்தேன். வந்து பார்த்தால், அத்தனை பேரும் ஏறியிருக்கிறார்கள். இவள் இடம் இன்னும் பின்னால் போய்விட்டது.

சார்: அடடே. இது பெரிய அநியாயமாக இருக்கிறதே. 719... வராதே... (விரல் விட்டு எண்ணுகிறார்) இதை ஏன் ஒருத்தனும் டிவியில் பேசவில்லை?

இஸ்திரிக்காரர்: நீங்கள் 240-ஐப் பேசிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மச்சான் 99-ஐ. எங்கள் தெருவில் தி.மு.க.காரர்கள் நாற்பதுக்கு நாற்பது என்று விடிய விடிய வெடி. அவர்களும் 2021-இலிருந்து நீட்டை எடுத்துவிடுவோம் என்கிறார்கள். இவள் இரண்டு தடவை எழுதி முடித்துவிட்டாள். அடுத்த வெடிக்குள் மூன்றாவது தடவையும் எழுதிவிடுவாள்.

சார்: இல்லை, நீ சொல்வது சரி. நான் இதை ஒரு வழி பண்ணுகிறேன். இன்றைக்கே வாட்ஸ்அப்பில் போடுகிறேன்.

இஸ்திரிக்காரர்: எந்தக் குழுவில் சார்? வெளியே வந்துவிட்டீர்களே!

சார்: மறுபடி சேர்க்கச் சொல்கிறேன். (செல்போனை எடுக்கிறார். பார்க்கிறார். முகம் மாறுகிறது.) பார்த்தாயா, பார்த்தாயா! நிதிஷ் காலை வாரிவிடுவார் என்று எழுதியிருக்கிறானாம் மச்சான். வீட்டுக்காரி அனுப்பியிருக்கிறாள். இவனை நேரில் போய்க் கேட்காமல் விடமாட்டேன். துணியைக் கொடு.

இஸ்திரிக்காரர்: 719, சார்.

சார்: அப்புறம், அப்புறம். ஞாயிற்றுக்கிழமைக்கு அந்த வெள்ளைச் சட்டை கண்டிப்பாக வேண்டும். கஞ்சி போட்டதுதானே?

இஸ்திரிக்காரர்: டில்லிக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா?

சார்: டிவியில் பார்க்கத்தான்.

இஸ்திரிக்காரர்: கஞ்சி போட்டிருக்கிறேன் சார். சோபாவில் சாயாமல் பாருங்கள்.

சார்: (எண்ணுகிறார்) ஏழு கொடுத்தேன். ஆறுதான் இருக்கிறது.

இஸ்திரிக்காரர்: ஏழுக்கு நாலு போதும் சார், ஆறு இருக்கிறது. தனிப் பெரும்பான்மை.

சார்: மிச்சம் ஒன்று?

இஸ்திரிக்காரர்: பேச்சுவார்த்தை நடக்கிறது. நாளைக்கு வரும்.

சார்: ஆறுக்கு எவ்வளவு?

இஸ்திரிக்காரர்: அறுபது.

சார்: ஐம்பதுதான் இருக்கிறது. பத்து ரூபாயைக் கருணை மதிப்பெண் என்று வைத்துக்கொள்.

இஸ்திரிக்காரர்: நாலு நாலாகத்தான் சார் போடமுடியும். எட்டு தள்ளிவிட்டேன். இரண்டு ரூபாய் எடுங்கள்.