மேல் பல்லில் இம்பிளான்ட் வைத்தால் கண் போகாது

'மேல் தாடையில் இம்பிளான்ட் வைத்தால் கண் நரம்பு அறுந்து பார்வை போய்விடும், சர்க்கரை இருந்தால் வைக்கவே கூடாது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. இம்பிளான்ட் என்பது பல் இல்லாத இடத்தில் தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகு, அதன் மேல்தான் செயற்கைப் பல்லை மாட்டுவார்கள்.

பல்லுக்கு உணர்ச்சி தருவது மூளையிலிருந்து வரும் 5ஆவது நரம்பு, பார்வைக்கானது 2ஆவது நரம்பு, இரண்டும் வேறு வேறு பாதையில் போகின்றன. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேலே இருப்பது சைனஸ் என்ற காற்றறை. அங்கே எலும்பு மெல்லியதாக இருந்தால் முதலில் எலும்புத் தூள் வைத்து மேடாக்க வேண்டியிருக்கும். உண்மையில் நரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது கீழ்த்தாடையில்தான், அங்கே உள்ளே ஓடும் நரம்பில் திருகு பட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகலாம், அதனால்தான் முன்கூட்டியே ஸ்கேன் எடுக்கிறார்கள்.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் வைக்கலாம். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் புகைபிடிப்பதும்தான் புண் ஆறுவதைக் கெடுக்கும். அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள், தயவுசெய்து.

ஸ்வீடன் மருத்துவர் பிரானேமார்க் 1965இல் முதல் நோயாளிக்கு வைத்த டைட்டானியம் திருகு, எலும்போடு ஒட்டிப் பல்லாண்டுகள் நிலைத்தது. ஆனால் அந்த ஒட்டுதலுக்கு நேரம் வேண்டும், பொதுவாக 3 முதல் 6 மாதம். சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் மாட்டுவார்கள், அதில் முறுக்கு கடிக்க முடியாது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்வார்கள், அப்புறம் சில நாள் வீக்கமும் வலியும் இருக்கும். செயற்கைப் பல்லுக்குச் சொத்தை வராது, ஆனால் சுத்தம் செய்யாவிட்டால் சுற்றியுள்ள ஈறு அழுகி, தாங்கும் எலும்பும் கரையும்.