களைப்பாக இருந்தாராம்

அந்தப் பயிற்சி வகுப்புக் காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பகிர்ந்தும்விட்டீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. கேள்வி கேட்ட ஒரு பெண்ணிடம் "இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, விட்டுடுங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சிரித்ததையும், கூடவே நாலு பேர் சிரித்ததையும் பார்த்தாயிற்று. அந்த வாக்கியம்கூட எனக்குப் புதிதில்லை. எரிச்சல் எல்லாம் அதற்குப் பிறகு வரிசைகட்டி வந்த வக்காலத்துகளின் மேல்தான். "பாவம், மூன்று மணி நேரம் நின்றுகொண்டே பேசியவர். களைப்பில் வாய் தவறிவிட்டது. சுயகட்டுப்பாடு தீர்ந்துபோகும் என்று உளவியலே சொல்கிறது."

வகுப்பின் தலைப்பே சுயகட்டுப்பாடு. அதையும் நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டுமா?

சரி, உளவியல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 1998-இல் ராய் பாமைஸ்டரும் அவர் குழுவும் செய்த முள்ளங்கிச் சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். பசியோடு வந்த மாணவர்கள் முன்னால் அப்போதுதான் சுட்டெடுத்த சாக்லேட் பிஸ்கட்டும் முள்ளங்கியும் இருந்தன. பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியை மட்டும் மென்றவர்கள், அடுத்துக் கொடுத்த தீர்வே இல்லாத புதிரைச் சுமார் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். பிஸ்கட் தின்றவர்கள் கிட்டத்தட்ட 19 நிமிடம் போராடினார்கள். மனவுறுதி செலவாகித் தீரும் சரக்கு என்ற எண்ணம் இப்படித்தான் பரவியது. 'ஈகோ டிப்ளீஷன்' என்று பெயர். அந்த வகுப்பில் காட்டிய ஸ்லைடும் இதுவேதான்.

2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து, 2,000 பேருக்கு மேல் வைத்து, வேறொரு பணியைக் கொண்டு இதே கொள்கையைச் சோதித்தன. விளைவு பூஜ்யத்தை ஒட்டி வந்து நின்றது. அவர்கள் தேர்ந்தெடுத்த பணியே சரியில்லை என்றார் பாமைஸ்டர். அது அவர் கட்சி. ஆனால் இதே துறையில் பெயர் வாங்கிய டொரண்டோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் இன்ஸ்லிக்ட் அப்படி முரண்டு பிடிக்கவில்லை. காலடியில் நிலம் நகர்கிறது என்ற பொருள்படத் தன் ஆய்வுகளையே சந்தேகித்து வெளிப்படையாக எழுதினார்.

அந்தப் பெண் கேட்டது இதைத்தான். 2016 முடிவுக்குப் பிறகும் இந்த ஸ்லைடை இப்படியே காட்டலாமா என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அதற்குப் பதிலாக வந்ததுதான் "உங்களுக்கு எதுக்கும்மா". ஆக, எந்தக் கொள்கையைக் கேள்வி கேட்டதற்காக அவரை மட்டம் தட்டினார்களோ, அதே கொள்கையை வைத்து மட்டம் தட்டியவருக்கு மன்னிப்பு வழங்குகிறீர்கள். அருமை.

கொள்கையை விடுங்கள். களைத்தவன் முன்முடிவுகளை அதிகம் நம்புவான் என்பதற்கு வேறு ஆய்வு இல்லையா என்றால், இருக்கிறது. 1990-இல் கேலன் போடன்ஹாசன் செய்தது. காலையில் சுறுசுறுப்பாக இருப்பவர்கள் இரவிலும், இரவுப் பறவைகள் காலையிலும் ஆளைப் பார்த்து முத்திரை குத்துவது அதிகமாக இருந்தது. இதை எனக்கு அனுப்பி "இப்ப என்ன சொல்றீங்க" என்று கேட்ட நண்பருக்கு நன்றி. இப்பவும் அதையேதான் சொல்கிறேன். மூளை ஓய்ந்தால் குறுக்குவழியில் போகும், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறுக்குவழி ஏற்கெனவே அங்கே போட்டு வைத்திருந்தால்தானே போக முடியும்? சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். நானும் களைத்துப்போகிறேன். களைத்தால் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தேடுவேன், வண்டியை எடுக்க மறந்து நடந்தே வந்துவிடுவேன். இன்னொருவருக்கு அறிவு இல்லை என்ற முடிவு எனக்குள் களைப்பினால் முளைப்பதில்லை.

களைப்பு சாக்கு. அவ்வளவுதான். மூன்று மணி நேரம் பேசியவர் அமைப்பாளரிடம் வாய் தவறினாரா? காசு கொடுத்து அழைத்த நிறுவனத்தின் தலைவரிடம் "உங்களுக்கு எதுக்கு சார் இதெல்லாம்" என்றாரா? களைப்புக்குக்கூட யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நன்றாகத் தெரிகிறது.

இதில் யாருமே பேசாத பக்கம் ஒன்று உண்டு. சொன்னவருடைய சுயகட்டுப்பாட்டைப் பற்றி இத்தனை கரிசனம். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரின் சுயகட்டுப்பாடு? அந்தப் பெண் மைக்கை அணைத்துவிட்டு, முகத்தில் ஒரு புன்னகையை அப்படியே வைத்துக்கொண்டு கடைசி வரை இருந்தாரே, அதற்கு என்ன கணக்கு? இன்ஸ்லிக்ட் ஆரம்பத்தில் ஆராய்ந்தது இதைத்தான். 2000-இல் அவரும் டாலியா பென்-ஸீவும் மூன்று மூன்று பேராகக் கணிதத் தேர்வு வைத்தார்கள். இரண்டு ஆண்களுக்கு நடுவே உட்கார்ந்த பெண்களின் மதிப்பெண், பெண்களோடு மட்டும் உட்கார்ந்தவர்களுடையதைவிடக் குறைந்தது. மொழித்திறன் தேர்வில் அந்தக் குறை இல்லை. 2006-இல் இன்னொன்று. 'பெண்களுக்குக் கணக்கு வராது' என்ற முத்திரைக்குப் பயந்துகொண்டிருந்த பெண்களால், சுயகட்டுப்பாட்டை அளக்கக் கையில் கொடுத்த பிடிக்கருவியை அதிக நேரம் அழுத்திப் பிடிக்க முடியவில்லை. 2010-இல் சோனியா காங்கோடு செய்ததில், அதே பயத்தோடு ஒரு கணிதத் தேர்வை எழுதி முடித்தவர்களிடம் கோபமும் கண்டபடி தின்பதும் கூடியது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாலை ஞாபகம் வந்தது. பழைய அலுவலகம். மாதக்கணக்கில் உட்கார்ந்து நான் போட்ட பட்ஜெட் கணக்கைத் திரையில் விளக்கிக்கொண்டிருக்கிறேன். மேலதிகாரி என்னைத் தாண்டி, புதிதாகச் சேர்ந்திருந்த பையனைப் பார்த்து "தம்பி, இதை நீங்க ஒருமுறை சரிபார்த்துட்டீங்கல்ல?" என்றார். அந்தப் பையனுக்கு எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. திருதிருவென்று விழித்தான். நான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு, "பார்த்தாச்சு சார், அடுத்த பக்கம் போகலாம்" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து, வீட்டுப்பாட நோட்டில் மை கொட்டியதற்காக மகளைப் பிடித்து அப்படிக் கத்தினேன். அவள் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கத்தல் யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அவர் அந்நேரம் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார்.

உடனே ஓடி வருவீர்கள்: "2018-இல் நெதர்லாந்தில் 2,000-க்கு மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள், முத்திரைப் பயத்தால் பெண்களின் கணித மதிப்பெண் குறையவில்லையே. இன்ஸ்லிக்ட்டே அந்தக் கொள்கையைச் சந்தேகிக்கிறாரே. உங்களுக்குப் பிடிக்காத ஆய்வு விழுந்தால் விழுந்தது, பிடித்தது விழுந்தால் கண்டுகொள்ள மாட்டீர்களா?" உண்மைதான், விழுந்திருக்கிறது. மதிப்பெண் குறையாமல் இருக்கலாம், சந்தோஷம். அன்று என் பட்ஜெட்டிலும் ஒரு எண்கூடத் தப்பில்லை. மதிப்பெண் குறைந்தால்தான் அவமானத்தைக் கணக்கில் சேர்ப்பீர்களா? நீங்கள் ஆய்வை வைத்து ஒருவரைக் காப்பாற்றுகிறீர்கள். எனக்கு வலித்தது என்று சொல்ல எனக்கு ஆய்வகம் தேவையில்லை. இரண்டும் ஒன்று என்று உங்களுக்குத் தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும்.

அடுத்தது அறிவுரை அணி. "இப்படிக் காரசாரமாக எழுதினால் வெறுப்புதான் கூடும், பக்குவமாகச் சொல்லுங்கள்." இதற்கும் ஆய்வு உண்டு, அதுவும் இன்ஸ்லிக்ட் இருந்த குழுவுடையதுதான், 2011. 'பாரபட்சம் காட்டாதே' என்று அதட்டும் துண்டுப் பிரசுரத்தைப் படித்தவர்களிடம், எதையுமே படிக்காதவர்களைவிடப் பாரபட்சம் கூடியிருந்தது. நல்ல ஆய்வு. ஆனால் நான் பிரசுரம் அச்சடிக்கவில்லையே. மிதிபட்டவள் "ஐயோ" என்று கத்தினால், மிதித்தவரின் மனம் நோகாத சுதியில் கத்தச் சொல்கிறீர்கள். சுயகட்டுப்பாடு என்றால் கடைசியில் அது எங்கள் வேலைதான் போலிருக்கிறது. பேசியவருக்கு ஓய்வு வேண்டும், கேட்டவளுக்குப் பக்குவம் வேண்டும்.

"அவர்தான் மன்னிப்புக் கேட்டுவிட்டாரே." கேட்டார். "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று கேட்டார். யார் மனம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாக, "ஆண்களுக்கும் இப்படி நடக்கும்" என்று உள்பெட்டியில் எழுதிக்கொண்டே இருக்கும் அண்ணன்மாருக்கு. நடக்கும், எனக்குத் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போன அப்பாவிடம் "அம்மா வரலையா?" என்று கேட்பதும் இதே வகைதான். எழுதுங்கள், உட்கார்ந்து படிக்கிறேன், பகிரவும் செய்கிறேன். ஒருத்தி தனக்கு நடந்ததைச் சொல்லும் நாளாகப் பார்த்து மட்டும் அது உங்களுக்கு ஏன் ஞாபகம் வருகிறது?