நன்னடத்தைத் திட்டம் என்றால் தண்டனையே கிடையாதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த் பகுதிப் பள்ளிகளைப் பற்றிய பேச்சில் மேலே அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார்: "1996-ல் பிரம்பைப் பிடுங்கினார்கள். இப்போது நன்னடத்தைத் திட்டம் என்று மிட்டாய் கொடுத்துக் கெஞ்சுகிறார்கள். தப்பு செய்தவனை ஒன்றும் செய்ய முடியாது."

பிரம்பு போனது சரி. தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு அடியைத் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதித்தாலும் ஆசிரியர் அடிக்கக் கூடாது என்பதை அரசியலமைப்பு நீதிமன்றம் 2000-ல் உறுதி செய்தது. ஆனால் கடைசி வரி தவறு, அண்ணா. 8-ஆம் பிரிவுப்படி பள்ளி ஆட்சிக்குழு மாணவர், பெற்றோர், ஆசிரியரைக் கலந்து நடத்தை விதிகளை வகுக்க வேண்டும். கடுமையான குற்றமென்றால் விசாரித்து 7 பள்ளி நாள் வரை இடைநீக்கம் செய்யலாம். அடியோடு நீக்குவது மாகாணக் கல்வித் துறைத் தலைவர் கையில்.

அப்புறம் அந்த மிட்டாய். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த இந்த நன்னடத்தைத் திட்டத்தில் பரிசு ஒரு சின்னப் பங்குதான், பெரிய வேலை கற்றுக்கொடுப்பது. டக் ஷாப் (பள்ளித் தின்பண்டக் கடை) வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்பது, தள்ளாமல் எப்படி நகர்வது என்று பிள்ளைகளை அங்கேயே கூட்டிப்போய்ச் செய்துகாட்டுவார்கள். எல்லா ஆசிரியரும் ஒரே விதியைச் சொல்வார்கள். (ஒருவர் சிரித்துவிட்டு விடும் தப்புக்கு இன்னொருவர் கத்தித் தீர்ப்பதுதான் பாதித் தொல்லை.) சண்டை எந்த நேரத்தில், எந்த மூலையில் வருகிறது என்று குறித்துவைத்து, அங்கே ஆள் நிறுத்துவார்கள். இதுவும் போதாத பிள்ளைகளுக்குச் சிறு குழுவாகவோ தனியாகவோ உதவி. விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதும் முன்கூட்டியே எழுதிச் சொல்லப்பட்டதுதான்.