சிப்ரியானும் ஸ்தேவானும்: திருமுழுக்கைப் பற்றிய ஒரு பழைய வழக்கு

"திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை" என்ற வாசகத்தைப் பிற சபையாரோடு வாதிடும்போது நம்மில் பலர் எடுத்தாளுகிறோம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் மூன்றாம் நூற்றாண்டில் ஆயராக இருந்த சிப்ரியான் அதை எழுதியது, பிரிந்துபோன கூட்டங்களில் பெற்ற திருமுழுக்குச் செல்லுமா செல்லாதா என்ற வழக்கின் நடுவில். அந்த வழக்கில் அவரை எதிர்த்து நின்றவர் உரோமையின் ஆயர் ஸ்தேவான். திருச்சபை கடைசியில் ஏற்றுக்கொண்டது ஸ்தேவானின் நிலைப்பாட்டையே. இந்தப் பின்னணியை விட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து வீசுவது சிப்ரியானுக்கும் நியாயம் செய்வதாகாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வழக்கின் வேர் 250-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட வேதகலாபனையில் இருக்கிறது. பேரரசின் குடிகள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கான சான்றுச் சீட்டைப் பெற்றாக வேண்டும் என்று பேரரசன் டேசியஸ் ஆணையிட்டான். அத்தகைய சீட்டுகள் நாற்பதுக்கும் மேல் எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் பெருந்தொகையான கிறிஸ்தவர்கள் பலியிட்டார்கள். வேறு சிலர் பணம் கொடுத்து, பலியிடாமலேயே சீட்டை வாங்கிக்கொண்டார்கள். உரோமையின் ஆயர் பபியான் உயிர்நீத்தார். மனமாறிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த சிப்ரியானோ, ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதே மூத்த குருக்கள் சிலரின் எதிர்ப்பைச் சந்தித்தவர். இப்போது மந்தையை விட்டு மறைவிடம் போனார் என்ற பழிச்சொல்லும் சேர்ந்துகொண்டது.

அவர் மறைந்திருந்த மாதங்களில் சிறையிலிருந்தவர்களின் செல்வாக்கு ஓங்கியது. விசுவாசத்துக்காகச் சித்திரவதை பட்டவர்கள் பரிந்துரைத்தால், பலியிட்டோ சீட்டு வாங்கியோ தவறியவர்கள் தவம் செய்ய வேண்டிய காலத்தைக் குறைக்கலாம் என்ற வழக்கம் முன்பே இருந்தது. இப்போது அந்தப் பரிந்துரைச் சீட்டுகள் வரைமுறையின்றி வழங்கப்பட்டன. ஒருவர் பெயரை எழுதி, "இவரும் இவரைச் சேர்ந்தவர்களும்" என்று முடித்துவிட்ட சீட்டுகளைப் பற்றி சிப்ரியான் தம் கடிதத்தில் கவலையோடு குறிப்பிடுகிறார். சேர்ந்தவர்கள் என்றால் எத்தனை பேர்? அதை யார் தீர்மானிப்பது? மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒழுங்குமுறைச் சிக்கல். அடியில் இருந்ததோ, மன்னிக்கும் அதிகாரம் துன்பப்பட்டவரிடம் இருக்கிறதா, பொறுப்பில் அமர்த்தப்பட்டவரிடம் இருக்கிறதா என்ற கேள்வி. தலைமைப் போட்டியையும் கோட்பாட்டையும் தனித்தனியே பிரித்தெடுக்க முடியாதபடி அன்றே அவை பின்னிக்கொண்டுவிட்டன.

இதற்கு நொவாத்து என்னும் குருவே போதுமான சான்று. கார்த்தேஜில் சிப்ரியானை எதிர்த்தபோது, தவறியவர்களை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற அணியில் அவர் இருந்தார். 251-இல் உரோமையில் கொர்னேலியுஸ் ஆயரானதும், தவறியவர்களுக்குச் சபையில் இடமே இல்லை என்று சொல்லி எதிர் ஆயராகத் தம்மை முன்னிறுத்திய நொவாசியானோடு அவர் சேர்ந்துகொண்டார். கடல் தாண்டியபோது அவருடைய கோட்பாடு தலைகீழாக மாறியிருந்தது. இந்தச் செய்தி நமக்கு எதிர்த்தரப்பாரின் கடிதங்கள் வழியாகவே வந்திருக்கிறது என்பதை மறக்கவில்லை. என்றாலும் நடந்ததன் அடிப்படையைச் சந்தேகிக்கக் காரணம் தெரியவில்லை. சில காலத்துக்குள் கார்த்தேஜிலேயே சிப்ரியான், தாராளப் போக்கினரின் ஆயர், நொவாசியான் அணியின் ஆயர் என மூவர் ஒரே நகரத்துக்கு உரிமை கோரினார்கள்.

தவறியவர்கள் விஷயத்தில் சிப்ரியான் நடந்துகொண்ட விதம் போற்றத்தக்கது. 251-ஆம் ஆண்டுச் சங்கத்தில் ஆயர்களைக் கூட்டி, சீட்டு மட்டும் வாங்கியவர்களையும் பலியிட்டவர்களையும் வேறுபடுத்திப் பார்த்தார். 253-இல் அடுத்த கலாபனை நெருங்குவதாகத் தோன்றியபோது, தவம் செய்துவந்த எல்லாரையும் சேர்த்துக்கொள்ள இசைந்தார். அதே மனிதர், நொவாசியானின் கூட்டத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தாய்ச்சபைக்கு வர விரும்பியவர்களிடம், நீங்கள் பெற்றது திருமுழுக்கே அன்று என்று சொன்னார். ஆவியார் இல்லாத இடத்தில் அருளடையாளம் எப்படி இருக்கும் என்பது அவர் வாதம். எதிர் ஆயர்களால் பிளவுண்ட ஒரு நகரத்தின் ஆயர் இப்படி நினைத்தது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அது சரியன்று என்பதே என் முடிவு. கொடுப்பவர் எந்த அணியில் நிற்கிறார் என்பதை வைத்துக் கடவுளின் கொடையை அளந்தால், எளிய விசுவாசி தன் திருமுழுக்கைப் பற்றி ஒருநாளும் நிம்மதியாக இருக்க முடியாது. தலைமேல் கைகளை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும், மீண்டும் முழுக்கு வேண்டாம் என்ற ஸ்தேவானின் மரபே அந்த விசுவாசியைக் காக்கிறது.

ஆனால் ஸ்தேவான் அதை நிலைநாட்ட முயன்ற முறையை என்னால் ஏற்க முடியவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஆயர்களைச் சந்திக்க மறுத்ததோடு, அவர்களுக்குத் தங்க இடம்கூடக் கொடுக்கக் கூடாது என்று அவர் தடுத்ததாகக் கப்பதோக்கியாவின் ஆயர் பிர்மிலியான் கடுஞ்சினத்தோடு எழுதியிருக்கிறார். 256 செப்டம்பர் 1-ஆம் நாள் கார்த்தேஜில் கூடிய சங்கத்திலோ, 87 ஆயர்களின் கருத்து பதிவாயிற்று. மாறுபட்டு எண்ணுபவரை உறவிலிருந்து விலக்கப்போவதில்லை என்று சொல்லித்தான் சிப்ரியான் அதைத் தொடங்கினார். ஸ்தேவான் 257-இல் இறந்தார்; சிப்ரியான் 258 செப்டம்பர் 14-ஆம் நாள் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். வழக்குத் தீராமலேயே நின்றது.

314-இல் ஆர்ல் நகரச் சங்கம் ஸ்தேவானின் பக்கம் தீர்ப்பளித்தது. வட ஆப்பிரிக்காவில் தாய்ச்சபையிலிருந்து பிரிந்து நின்ற டொனாட்டியர் அதை ஏற்காமல், மறுமுழுக்குக் கொடுப்பதற்குச் சிப்ரியானையே சாட்சியாக அழைத்தார்கள். அவர்களுக்கு மறுமொழி எழுதிய ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன், சிப்ரியான் திருமுழுக்கில் தவறினார், ஆனால் மாறுபட்டவர்களோடு உறவை முறிக்கவில்லை என்று காட்டியது மிகச் சரியான வாசிப்பு. அதே அகுஸ்தீன் பின்னாளில் டொனாட்டியரைப் பேரரசின் சட்டத்தைக் கொண்டு வற்புறுத்தலாம் என்று ஒப்புக்கொண்டபோது, தாமே எடுத்துக்காட்டிய சிப்ரியானிடமிருந்து வெகுதூரம் விலகிப் போனார் என்றே நான் கருதுகிறேன்.