தொப்புள் அழகு சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருமா?

சென்னையில் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் ஒரு செய்தி, தொப்புளின் வடிவத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினாலே போதும், கைப்பணம் ஒரு ரூபாயும் செலவாகாது என்கிறது. இது தவறு.

விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பாகவோ, உடல்நலத்துக்கு அவசியம் என்று மருத்துவர் சான்றளித்ததாகவோ இருந்தாலன்றி, தோற்றத்தை மாற்றும் சிகிச்சையைக் காப்பீட்டு நிறுவனங்கள் விலக்கலாம் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளில் ஒன்று. போதாக்குறைக்கு, பிற மருத்துவச் சேவைகளுக்கு உள்ள ஜிஎஸ்டி விலக்கும் அழகு அறுவைக்குக் கிடையாது. மருத்துவமனை சொல்லும் தொகையோடு வரியும் சேர்ந்துதான் பில்லில் நிற்கும். ஆகவே தொகையைக் கேட்கும்போதே வரி, மயக்க மருந்து, அறுவை அரங்கு, தையல் பிரிக்கும் வருகை எல்லாம் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

குழப்பம் எங்கே பிறந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. பிரசவத்துக்குப் பின் துருத்திக்கொள்ளும் தொப்புள் பல நேரங்களில் குடலிறக்கமாக, அதாவது வயிற்றுத் தசைச் சுவரில் விழுந்த ஓட்டை வழியே உள்ளிருப்பது வெளியே தள்ளுவதாக இருக்கும். மருத்துவர் விரலை அதன்மேல் வைத்து இருமச் சொல்வது அதைக் கண்டறியத்தான். தசைச் சுவரின் அந்த ஓட்டையை அடைப்பது நோய்க்கான சிகிச்சை என்பதால், பாலிசியின் காத்திருப்புக் காலம் (பாலிசி எடுத்த பின் இத்தகைய சிகிச்சைக்குப் பணம் கோர முடியாத தொடக்கக் காலம்) முடிந்திருந்தால் காப்பீடு கோரலாம். வெறும் தோலைத் திருத்துவதற்கு அந்த வழி இல்லை.