அந்த 15 நிமிடம்

அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "எவ்வளவு அழகா சேவை பண்றார் பாருங்க" என்று ஆளாளுக்கு எனக்கே அனுப்ப ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

ஆப்பிரிக்காவில் ஒரு மலாவி கிராமம், மாமரத்தடி, அம்மா மடியில் காய்ச்சலோடு குழந்தை, தன்னார்வலராகப் போயிருக்கும் அந்தத் தம்பி. விரலில் குத்துகிறார். மலேரியா சோதனைக் கிட்டில் ரத்தத்தை வைக்கிறார், பஃபர் திரவம் விடுகிறார், கேமராவைப் பார்த்துக் கொஞ்சம் பேசுகிறார், கிட்டைத் தூக்கிக் காட்டி "மலேரியா இல்லை" என்கிறார். நடுவில் ஒரு கட் கூட இல்லை. எல்லாம் சேர்த்து 3 நிமிடம் ஆகவில்லை.

15 நிமிடம் தம்பி. அந்தக் கிட்டை 15 நிமிடம் கழித்துத்தான் படிக்க வேண்டும். சில கம்பெனிக் கிட்டுக்கு 20. மூணு நிமிடத்தில் படிக்கிற கிட்டை அங்கே யாரும் தருவதில்லை.

ஏன் என்றால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழும்பி வருவது 'சி' கோடு. கிட் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது அடையாளம். 'டி' கோடுதான் நோயைச் சொல்வது. ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் அது மெதுவாக, பென்சிலால் லேசாகக் கீறினது போல வரும். அந்த மங்கல் கோடும் பாசிட்டிவ்தான். வீடியோவை நிறுத்திப் பாருங்கள், பட்டை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது. ரத்தம் வடிந்து பின்னணி வெளுப்பதற்கு முன்னால் எந்தக் கோட்டைப் படித்தார்? 30 நிமிடம் தாண்டிப் படித்தாலும் தப்பு, காய்ந்த பட்டையில் இல்லாத கோடு தெரியும்.

இன்னும் இருக்கிறது. ஸ்பிரிட் காயும் முன்பே குத்துகிறார், அது ரத்தத்தோடு கலந்துவிடும். பஃபர் பாட்டிலைச் சாய்த்துப் பிடிக்கிறார். நேராகப் பிடித்தால்தான் சொட்டு அளவாக விழும், உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் அது முழுச் சொட்டே இல்லை. கிட் மேல் குழந்தையின் பெயரை எழுதவில்லை. ஒரே பெஞ்சில் ஆறு குழந்தைகளின் கிட்டு கிடக்கும் காலை வேளையில் யாருடையது எது என்று எப்படிச் சொல்வார்? இவற்றையெல்லாம் கூட விட்டுவிடலாம், பழகினால் சரியாகிவிடும். 15 நிமிடத்தை விட முடியாது.

"கேமரா நின்ற பிறகு காத்திருந்து மறுபடி பார்த்திருப்பாரோ என்னவோ" என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நியாயமான சந்தேகம்தான், நானும் அப்படி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடைசி நொடிகளைப் பாருங்கள் அக்கா. அந்த அம்மா எழுந்துவிட்டார். குழந்தையை முதுகில் போட்டு சித்தெஞ்சே துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடக்கிறார்.

"உங்களுக்குப் பொறாமை", "போகாதவங்க பேசக் கூடாது" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. "எதுவுமே இல்லாத இடத்தில் இதாவது கிடைக்குதே" என்கிறவர்களுக்கு இருக்கிறது, ஏனென்றால் அதுதான் என்னை அதிகம் சுட்டது.

எதுவுமே இல்லையா? அந்தத் தம்பிக்குப் பின்னால் மரத்தில் சாய்ந்து, மருந்துப் பெட்டியோடு ஒருவர் நிற்கிறாரே, அவர் யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? பார்த்தாலே தெரிகிறது, அவர் எச்எஸ்ஏ. சம்பளம் வாங்கும் அரசு சுகாதார உதவியாளர். 2008 முதல் மலாவியின் கிராம கிளினிக்குகளில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுப்பது இவர்கள்தான்.

ஒரு எச்எஸ்ஏ அந்த 15 நிமிடத்தில் செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிட்டில் பஃபர் விட்டதும் நேரத்தை எழுதிவிடுவார். குழந்தையின் சட்டையைத் தூக்கி, அழுகை அடங்கும்வரை பொறுத்து, முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுவார். 2 முதல் 11 மாதம் என்றால் 50, ஒரு வயதுக்கு மேல் என்றால் 40. அதைத் தொட்டால் நிமோனியாவுக்கான மருந்து. அப்புறம் இடது மேற்கையில் நாடாவைச் சுற்றுவார். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. தடுப்பூசி அட்டையைப் புரட்டுவார், பால் குடிக்கிறதா, வலிப்பு வந்ததா என்று கேட்பார். தலை நிமிர்ந்தால் 15 நிமிடம் ஆகியிருக்கும். அது வெட்டியாக உட்கார்ந்திருக்கும் நேரம் என்று யார் சொன்னது?

பாசிட்டிவ் என்றால் எல்ஏ என்ற மலேரியா மாத்திரை. 5 கிலோவிலிருந்து 15 கிலோவுக்குள் இருக்கும் குழந்தைக்கு வேளைக்கு 1, மூணு நாளில் ஆறு வேளை. முதல் வேளையை அங்கேயே நசுக்கிக் கரைத்துக் கொடுக்க வைப்பார். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி. இரண்டாவது வேளை சரியாக 8 மணி நேரத்தில். கொழுப்புச் சத்தோடு கொடுத்தால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும், அதனால் நிலக்கடலை மாவு போட்ட சோளக் கஞ்சி கொடுக்கச் சொல்வார்.

வெளியூரிலிருந்து போகும் தன்னார்வலருக்கு அங்கே நிஜமான வேலை இருக்கிறது. ரிஜிஸ்டர் எழுதுவது, மாத்திரை எண்ணுவது, தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருக்கும் கிட்டுப் பெட்டியை நிழலுக்கு மாற்றுவது (40 டிகிரி தாண்டினால் கிட் கெட்டுப்போகும்). வீட்டுக்குப் போகும்போது வாசலில் நின்று அவர்கள் மொழியில் "ஓடி" என்று குரல் கொடுத்து, "ஓடினி" என்று பதில் வந்த பிறகு உள்ளே நுழைவது. இதில் எதற்கும் லைக் விழாது, தெரியும். ஆனால் அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் படமெடுத்தார்களா? இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

மழைக்காலம். சோளக் காட்டில் களை எடுக்கும் நேரம். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய வேலை போச்சு. "இல்லை" என்று சொல்லி அனுப்பினால் அந்த அம்மா நாளைக்கு மறுபடி வர மாட்டார், நம்பியிருப்பார். சின்னக் குழந்தைக்கு ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா ஒன்றிரண்டு நாளிலேயே வலிப்பு, ரத்தச்சோகை என்று முற்றிவிடும்.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் தயவுசெய்து இப்போதே கூப்பிடுங்கள். திட்ட வேண்டாம். எச்எஸ்ஏவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள். புதுக் கிட், 15 நிமிடம். குழந்தை எப்படி இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.